பயிற்சிக் கத்தி வாங்குகிறவர்களுக்கு: பிடிக்குள் இருப்பதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

பிடியில் கயிறு சுற்றிய கஸ்டம் கத்தியை இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கி வகுப்பில் வீசிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த வகுப்புக்கு முன்னால் அந்தக் கயிற்றை அறுத்துப் பார்த்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். எங்கள் வகுப்பில் அலகு பிடியிலிருந்து கழன்று பறந்து காம்பவுண்டுச் சுவரில் போய் அடித்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை தெரிகிற ஒரு காலி மனையில் சாயங்காலம் நடக்கிற சிலம்ப வகுப்பு எங்களுடையது. வாத்தியார் கம்பு, குத்துவரிசை, மான்கொம்பு, சுருள்வாள் எல்லாம் சொல்லித் தருவார். வெளியூரில் எஸ்க்ரிமா என்கிற ஃபிலிப்பைன்ஸ் சண்டைக்கலை கற்றுவந்த ஒரு தம்பி பெரியவர்களுக்கு மட்டும் கத்தித் தற்காப்பு நடத்துகிறான். ஃபிலிப்பைன்ஸ்காரர்களும் நம்மைப்போலவே முதலில் கையில் கம்பைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையை அப்புறம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், அதனால் இரண்டு வகுப்பும் ஒரே மனையில் ஒத்துப்போகிறது.

ஊர்த் திருவிழாவில் ஆடிக்காட்ட ஒரு ஜோடி பிச்சுவா, பயிற்சிக்கு அதே வடிவத்தில் 8 அலுமினியக் கத்தி. இதுதான் ஆர்டர். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி பக்கத்தில் இருக்கும்போது எதற்கு ஆன்லைன் என்று கேட்பீர்கள். அங்கே அலுமினிய வேலை கிடையாது. உண்மைக் கத்தியும் பயிற்சிக் கத்தியும் ஒரே அச்சில் இருந்தால்தான் கை பழகும், அதனால் இரண்டையும் இன்ஸ்டாகிராமில் விற்கிற ஒரே ஆளிடம் கொடுத்தோம்.

சொன்னது என்னவென்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இருக்கிறது. அலகு 7 அங்குலம், கூர் வைக்கக் கூடாது, ஸ்பிரிங் ஸ்டீல். அலகின் வால், அதாவது பிடிக்குள் இறங்குகிற பகுதி, முழு அகலத்தோடு பிடியின் கடைசிவரை போக வேண்டும். இரண்டு பக்கமும் மரப் பட்டை, மூன்று ஆணி அறைந்திருக்க வேண்டும். அலுமினியக் கத்தி கிட்டத்தட்ட அதே எடையில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய், முன்பணம் 9,000.

பணம் போன பிறகுதான் ஆள் பேச ஆரம்பித்தார். “ப்ரோ, ஸ்பிரிங் ஸ்டீலெல்லாம் இப்ப யாரும் கேக்கறதில்ல. உங்களுக்கு டமாஸ்கஸ்லயே அடிச்சுத் தர்றேன், 2,000 மட்டும் சேத்துக் குடுங்க. நம்ம பழைய தமிழர் உருக்கு ப்ரோ இது.” அடுத்தது கயிறு. “மதுரை வெயில்ல கை வேர்த்து மரப்பிடி வழுக்கும். பாராகார்டு சுத்தித் தர்றேன், அதுக்குக் காசே வேணாம்.” 2,000 கேட்டபோது உஷாராக இருந்த எல்லாரும் இந்த இலவசத்தைக் கவனிக்கவில்லை. மொத்த மோசடியும் அந்தக் கயிற்றுக்குள்தான் இருந்தது.

சொன்ன தேதி தாண்டி, இரண்டு முறை ‘கூரியர் ஸ்ட்ரைக்’ முடிந்து, பெட்டி வந்தது. பார்க்க அழகு. அலகு முழுக்கத் தண்ணீர் அலைபோல ரேகை. வாத்தியார் மட்டும் கையில் வாங்கி, “அலகுல கனம் இருக்கு, பிடில ஒண்ணும் இல்லையேடா” என்றார். முழு வால் உள்ள கத்தியை விரலில் வைத்து நிறுத்தினால் கைப்பிடி ஓரத்திலேயே சமன் நிற்கும். இது அலகின் நடுப்பக்கம் போய் நின்றது. ஆனாலும் திருவிழா நெருங்கிவிட்டது, ஆட்டம் பழக ஆரம்பித்தார்கள்.

கழன்று பறந்தது ஒரு சாதாரண வீச்சில். எதன் மேலும் மோதவில்லை, கட்டையில் குத்தவில்லை. காற்றில் சுற்றித் திருப்பும்போதே போய்விட்டது. ஆடினவன் கையில் பிடி மட்டும் நின்றது. கயிற்றைப் பிரித்தோம். உள்ளே பிளாஸ்டிக் குழாய், அதற்குள் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு இரும்புக் கம்பி, அந்தக் கம்பியை அலகின் அடியில் இரண்டு இடத்தில் புள்ளி வெல்டிங். குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே பசை. ஜோடியில் மற்றதையும் அறுத்துப் பார்த்தோம். அதில் ஒரு புள்ளி ஏற்கெனவே விட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஆடியிருந்தால் அதுவும் பறந்திருக்கும்.

டமாஸ்கஸ் கதையும் அன்றைக்கே முடிந்தது. இன்று டமாஸ்கஸ் என்று விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் ஒட்டி, மடித்து மடித்து அடித்துச் செய்வது. பெரும்பாலும் 1095, 15என்20 என்ற இரண்டு வகை. அமிலத்தில் முக்கினால் நிக்கல் கலந்த 15என்20 பளபளப்பாகவே நிற்கும், மற்றது கறுக்கும், அதுதான் ரேகை. அப்படிச் செய்த அலகில் ரேகை உள்ளே முழுக்க இருக்கும். கத்தியின் முதுகைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியும். எங்களுடையதில் முதுகு வெறும் மொட்டை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பக்கத்து ரேகையும் போய்விட்டது. ரேடியோ சாமான் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கிற ஃபெரிக் குளோரைடை வாங்கித் தடவினோம். உண்மையாக இருந்தால் ரேகை திரும்பி வரும். வந்தது சாம்பல் கறை மட்டும். மேலே படம் ஒட்டி அமிலத்தில் அரித்த வேலை.

“பழைய தமிழர் உருக்கு” என்பதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் ஆட்கள் செய்தது மூசை என்கிற மண் கலத்தில் இரும்பைக் கரியோடு உருக்கி எடுத்த கட்டி. ஈரோடு பக்கம் கொடுமணலில் நொய்யல் கரையில் அகழ்ந்தபோது அந்த உலை வேலையின் தடயம் கிடைத்திருக்கிறது. அந்த எஃகில் ரேகை வருவது கட்டி மெதுவாக ஆறும்போதும் அடக்கமான சூட்டில் அடிக்கும்போதும் உள்ளேயே விளைகிற விஷயம். அதைச் செய்யத் தெரிந்த ஆள் 2,000 ரூபாய் கூடுதலுக்கு இன்ஸ்டாகிராமில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அலுமினியக் கத்திகளைப் பற்றித்தான் எனக்கு இன்னும் கோபம் அதிகம், ஏனென்றால் அவை தினமும் தோல்மேல் படுகிறவை. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான். ஒரே அளவில் வெட்டினால் எடை ஒருபோதும் வராது. அதனால்தான் ஒழுங்காகச் செய்கிறவர்கள் தடிமனைக் கூட்டி, பிடியில் கனம் ஏற்றுவார்கள். இவர் 2 மில்லிமீட்டர் தகட்டை வெட்டி அனுப்பிவிட்டார். மளிகைக்கடைத் தராசில் இரும்புக் கத்தி 300 கிராமுக்கு மேல், இது 100 கிராம்கூட இல்லை. ஓரம் உருட்டவில்லை, வெட்டிய பிசிறு அப்படியே இருக்கிறது. நுனி அகலமாக வட்டமாக இருக்க வேண்டியது குத்தூசி மாதிரி இருந்தது. இதை வைத்து ஒருவனோடு ஒருவன் பழகினால் ‘வெட்டாத கத்தி’ என்ற தைரியத்தில் வேகமாக வருவான், வெட்டும். முன்கையில் கீறல் வாங்காதவன் இல்லை. இரண்டு அலுமினியம் மோதினால் ஓரத்தில் பல் விழும், அந்தப் பல் ரம்பம் மாதிரி தோலைக் கிழிக்கும். நல்ல அலுமினியக் கத்தியையே வகுப்பு முடிந்து விரலால் தடவிப் பார்த்து அரம் போட வேண்டும். இதை அரம் போட்டால் தகடே மிஞ்சாது.

அலகை எடுத்துக்கொண்டு திருப்பாச்சேத்தி போனேன். சிலைமான், திருப்புவனம் தாண்டி மானாமதுரை ரோட்டில் இருக்கிற அந்த ஊரின் பெயர் அரிவாளோடு சேர்ந்தே வழங்குவது, தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த பட்டறை ஆசாரி அலகை முழங்காலில் வைத்து அழுத்தினார். வளைந்தது, வளைந்த மாதிரியே நின்றது.

“ஸ்பிரிங் ஸ்டீல்னு சொல்லிக் குடுத்தாங்கண்ணே.”

“தம்பி, ஸ்பிரிங்னா விட்டதும் திரும்பணும்ல. இது ஜன்னல் கம்பி அடிக்கிற தகடு.”

பிறகு சாணைக்கல்லில் வைத்துக் காட்டினார். பக்கத்தில் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டையும் வைத்தார். பட்டையில் பொறி கிளைகிளையாக வெடித்தது. எங்கள் அலகில் நீளமாக, கோடு கோடாக, வெடிக்காமல் போனது. கரி கூடின இரும்பில் பொறி வெடிக்கும், கரி இல்லாததில் வெடிக்காது. வெல்டிங் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “ஒட்டே உள்ள இறங்கல. பொங்கல் கோலம் மாதிரி மேல புள்ளி வச்சிருக்கான்” என்றார். தோய்ச்சலும், அதாவது காய்ச்சி முக்கிப் பதமேற்றுவதும், கிடையாது. இந்த இரும்பைத் தோய்த்தாலும் பதம் ஏறாது.

அவர் பட்டறையில் கத்தி கேட்டால் பெயர், முகவரி, எதற்கு என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் ஆயுதச் சோதனை நடத்தியபோது, அரிவாள் பட்டறைகளில் வாங்குகிறவர் விவரத்தை எழுதி வைக்கச் சொன்னார்கள். வாடிக்கையாளருக்கு எரிச்சல்தான். ஆனால் என் முகவரியை எழுதி வாங்குகிற ஆள் தன் முகவரியையும் மறைக்க முடியாது. இன்ஸ்டாகிராம் ஆளின் முகவரி பெட்டியில்கூட இல்லை, அனுப்பிய கூரியர் கிளையின் பெயர் மட்டும் இருந்தது.

அந்த ஆளிடம் படம், வீடியோ எல்லாம் அனுப்பிக் கேட்டோம். முதல் பதில்: “ரஃப் யூஸ் பண்ணிருக்கீங்க ப்ரோ.” காற்றில் வீசியது ரஃப் யூஸ். இரண்டாவது: பில்லைப் பாருங்கள் என்றார். பில்லில் ‘அலங்காரப் பொருள்’ என்று போட்டிருக்கிறது, அதனால் பயிற்சியில் உடைந்தால் அவர் பொறுப்பில்லையாம். பயிற்சிக்குத்தான் என்று முதல் செய்தியிலிருந்து எழுதியிருக்கிறோம், அவரே “ட்ரெயினிங்குக்கு பக்கா” என்று பதில் போட்டிருக்கிறார்.

மூன்றாவது பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “ஆயுதம் வாங்குனேன்னு நீங்களே கம்ப்ளைன்ட் குடுக்கப் போறீங்களா? உங்க மேலதான் கேஸ் வரும்.” இதைக் கேட்டு வாய் மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. அவருடைய வியாபாரம் ஓடுவதே இந்தப் பயத்தில்தான் என்று நினைக்கிறேன். சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் வாள், குத்துவாள், கத்தி வகைகளை ஆயுதமாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிற அளவு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். எங்களுடையது 7 அங்குலம், அகலம் ஒன்றே கால், கூரும் கிடையாது. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுத்தாவணியில் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. பொது இடத்தில் கத்தியோடு திரிந்தால் போலீஸ் கேட்கத்தான் செய்யும். நாங்கள் இரும்பைத் திருவிழா அனுமதிக் கடிதத்தோடு பெட்டியில் பூட்டித்தான் கொண்டுபோவோம். ஆனால் கேட்டதைத் தராமல் காசை வாங்கியவர் மேல் புகார் கொடுக்க இது எதுவும் தடை இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தோம். அங்கிருந்து செய்தி போனதும் ஆள் இறங்கி வந்தார். பாதிப் பணம் தருகிறேன், அவர் பக்கத்தில் நாங்கள் போட்ட கருத்தை எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மதுரையிலேயே போட்டிருக்கிறோம். வழக்கு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பக்கமே இப்போது பெயர் மாறி, வேறு படத்தோடு ஓடுகிறது, பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு உதவாது.

உதவக்கூடியது ஒன்று இருக்கிறது. யாரிடம் ஆர்டர் கொடுத்தாலும், பிடி மாட்டுவதற்கு முன்னால் மொட்டை அலகை வாலோடு வீடியோ கேளுங்கள். பக்கத்தில் அன்றைய நாளிதழை வைக்கச் சொல்லுங்கள். திருப்பாச்சேத்தி ஆசாரி கேட்காமலே காட்டினார். வாலைக் காய்ச்சி, அரக்கு வைத்து மரப்பிடியில் இறக்கி, பூண் போடுவதை நின்று பார்த்துத்தான் வாங்கிவந்தோம். வேலை முரடுதான், இன்ஸ்டாகிராமில் போட்டால் லைக் விழாது. திருவிழாவில் ஆடினோம். பிள்ளைகளுக்கு இப்போது தச்சர் செய்த தடித்த மரக்கத்திதான், அதன் ஓரத்தில் சாக்கட்டி தடவிவிடுகிறோம். எங்கே ‘வெட்டு’ பட்டது என்று சட்டையில் தெரிந்துவிடுகிறது, ‘எனக்குப் படல’ என்ற சண்டையும் இல்லை.

அலை ரேகை, கறுப்புக் கயிற்றுப் பிடி, ‘அலங்காரப் பொருள்’ பில், முகவரி இல்லாத பெட்டி. இந்த நாலும் சேர்ந்த கத்தி உங்களிடம் இருந்தால் அநேகமாக இதே ஆள்தான். பில், உரையாடல் படம், பிரித்த பிடியின் படம் மூன்றையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன் கிடைத்தால் எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.