பயணக் களைப்புக்கு ஃபுட் ஸ்பா தொட்டி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

ஆண்டு முழுக்க விமானம், ரயில், ஹோட்டல் அறை என்று அலைந்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு முதலில் வேண்டியது நல்ல தூக்கம். அதற்கு உதவும் என்று சொல்லி விற்கும் கருவிகளில் காலை வெந்நீரில் ஊறவைக்கும் மின்சார ஃபுட் ஸ்பா தொட்டிக்கு உண்மையிலேயே ஒரு பலன் உண்டு. ஆனால் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் குமிழி, அதிர்வு, சிவப்பு விளக்கு எதிலும் அந்தப் பலன் இல்லை. வெந்நீரில்தான் இருக்கிறது. அதனால் தண்ணீரை எவ்வளவு ஒழுங்காகச் சூடாக வைத்திருக்கிறது, பிறகு எவ்வளவு சுலபமாகக் கழுவ முடிகிறது, இந்த இரண்டையும் பார்த்து வாங்கினால் போதும்.

பாதம் சூடானால் அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் அந்த வழியாக வெளியேறும். உள்வெப்பம் இறங்கும்போதுதான் கண் சொக்கும். தூங்கும் முன் வெந்நீர்க் குளியல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான கட்டுரை சொல்லும் கணக்கு இது: நீர் 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ், படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னால், குறைந்தது பத்து நிமிடம். காலை நனைத்த கையோடு படுக்கைக்குப் போவது சரியான வரிசை இல்லை. உடல் வெப்பம் இறங்க இடைவெளி வேண்டும். ஜெட் லேக்கை இந்தத் தொட்டி தீர்க்காது. பல நேர மண்டலங்களைத் தாண்டி வந்த உடல், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற வேகத்தில்தான் பழைய நிலைக்கு வரும். அதற்குத் துணை, சரியான வேளையில் கண்ணில் படும் வெளிச்சம்.

இனி ஹீட்டர். 500 வாட் ஹீட்டர் 5 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 42 விநாடி எடுக்கும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால் 41-க்குப் போக, துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் ஒன்பது நிமிடம் ஆகும். மூடியில்லாத தொட்டியில் அதைவிட அதிகம். ‘சூடே ஆகவில்லை’ என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கருவியில் கோளாறு இருக்காது. தண்ணீரை 41 டிகிரியில் கலந்து ஊற்றிவிட்டு, சூடு இறங்காமல் காக்கும் வேலையை மட்டும் ஹீட்டரிடம் விடுங்கள். திரையில் தெரியும் எண்ணும் கால்விரல் அருகே உள்ள சூடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதல் முறை ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சில தொட்டிகளில் 48 டிகிரி வரை வைக்க முடிகிறது. அந்தச் சூட்டில் இருபது நிமிடம் காலை வைத்திருந்தால் தோல் வெந்துபோகலாம். அது தேவையே இல்லாத வசதி.

குமிழி இதமாகத்தான் இருக்கும். ஆனால் அறைக் காற்றை நீருக்குள் ஊதுவதால் சூடு விரைவாக இறங்கும். முதல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடலாம். உள்ளங்காலைத் தேய்க்கும் ரோலர்களில் மோட்டார் இல்லாத, காலால் உருட்டும் வகையே மேல்: அழுத்தம் நம் கையில் இருக்கும், கழற்றிக் கழுவவும் வரும். சிவப்பு விளக்கு வெறும் அலங்காரம்.

வாங்கும்போது யாரும் யோசிக்காத விஷயம் சுத்தம். 2000-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ஒரு நக அழகு நிலையத்தின் கால் தொட்டிகளால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் சீழ்க்கட்டிகள் வந்தன. நீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் தோல் துகளிலும் கிருமி வளர்ந்திருந்தது. கால் முடியைச் சவரம் செய்துவிட்டு வந்தவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் தொட்டியில் அவ்வளவு அபாயம் இல்லை என்றாலும் பாடம் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத குழாயும் வலையும் குறைவாக உள்ள மாடலை எடுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, நீரைக் கொட்டி, சோப்பால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காய விடுங்கள். குமிழித் துளைகளில் ஈரம் தங்கும். துடைத்த பிறகும் திறந்தே வைத்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஹீட்டர் பகுதியில் வெள்ளைப் படிவு கட்டும். வினிகர் கலந்த நீரை அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும்.

எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போடுவதானால் கையேடு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தாலும் தனியாகக் கரைத்தே ஊற்ற வேண்டும். தோல் வழியாக மெக்னீசியம் உள்ளே போகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நுரை வரும் சோப்பும் எண்ணெயும் குமிழி உள்ள தொட்டியில் கூடவே கூடாது: நுரை பொங்கி வழியும், எண்ணெய் துளைகளுக்குள் படிந்துவிடும்.

மடக்கும் தொட்டி இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் நாளடைவில் விரிசல் விடுவது மடிப்புக் கோட்டில்தான். கெண்டைக்கால் வரை நனையும் உயரத் தொட்டி சுகமானது, நீர் அதிகம் கொள்ளும். 6 லிட்டர் ஊற்றிய சாதாரணத் தொட்டியே கருவியோடு சேர்த்து 8 கிலோவை நெருங்கும். வடிகுழாய் இல்லாத மாடலைத் தூக்கிக் கொட்டுவது முதுகுவலிக்காரர்களுக்குத் தண்டனை. வடிகுழாய் இருந்தே ஆக வேண்டும்.

நீண்ட பயணம் முடிந்து வந்த அன்று இரண்டு காலும் வீங்கியிருந்தால் தொட்டியை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். வெந்நீர் வீக்கத்தைக் கூட்டக்கூடும். காலை உயர்த்தி வைப்பதும் கொஞ்சம் நடப்பதும்தான் உதவும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் மசாஜ் வேண்டாம். ரத்தக்கட்டியாக இருக்கலாம், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு அந்த ஆபத்து கூடுகிறது, அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கவே கூடாது. சூடு சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

ஹீட்டர் இல்லாத மாடலுக்குக் காசு கொடுப்பதைவிட ஒரு ஆழமான வாளியும் பக்கத்தில் ஒரு கெட்டில் வெந்நீரும் போதும். வெந்நீர் சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிட வேண்டும். ஹீட்டர் உள்ளதை வாங்கினால், பிளக்கைச் செருகுவதற்கு முன் விளிம்புக்கோடு வரை நீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.