சரக்கொன்றைன்னு சொல்லி வேற மரத்த வித்துட்டாங்க, கன்னு வாங்குறவங்க பாத்து வாங்குங்க

திருச்சி பக்கம் ரோட்டோர நர்சரில மரக்கன்னு வாங்கப் போறவங்க இத ஒரு தடவ படிச்சிட்டு போங்க. கடை பேரு வேணாம், விசாரிச்சதுல இந்த வேலைய அவரு ஒருத்தர் மட்டும் பண்ணல.

எங்க வீட்டு ஹால்ல மேற்கு வெயில் நேரா அடிக்கும், நிழலும் வேணும், அம்மாவுக்கு சிவனுக்கு சாத்த கொன்றைப் பூவும் வேணும், அதனால சரக்கொன்றைதான்னு முடிவு பண்ணித்தான் போனோம். "கேரளா கணிக்கொன்னை சார், ரெண்டே வருஷம், சித்திரைல இலையே தெரியாது, சரம் சரமா தொங்கும்"னு போட்டோ எல்லாம் காட்டி, ஆளுயரக் கன்னு ஒண்ணு 800 ரூபான்னு ரெண்ட தலைல கட்டிட்டாரு.

கன்னு என்னவோ ஜிவ்வுனு வளந்துச்சு. ஆனா சித்திரை வந்தா ஒரு இலை கொட்டல, ஒரு பூ இல்ல. அப்புறம் மழைக்காலத்துல பூத்துச்சு பாருங்க, சரமா கீழ தொங்க வேண்டிய பூ கிளை நுனில கொத்தா மேல பாத்து நிக்குது! காயும் தட்டையா பட்டை பட்டையா வருது. சரக்கொன்றைக் காய் உருண்டையா நீளமா, முத்துனா கருப்பாகி தடி மாதிரி தொங்கும், அத பாத்தவங்க யாரும் ஏமாற மாட்டாங்க, ஆனா கன்னுல ஏது காய்? தெரிஞ்ச தோட்டக்கலை ஆளு ஒருத்தர் பாத்த உடனே சொல்லிட்டாரு, இது மஞ்சக்கொன்னை, சென்னா சயாமியா, ரோட்டோரத்துலயும் விறகுக்கும் நடுறது.

கடைல போயி கேட்டா "எல்லாம் கொன்னைதான சார், மஞ்சப் பூதான"ங்கறாரு. பில்ல எடுத்து நீட்டுனா அதுல "பூ மரம் 2"ன்னு மட்டும்தான் இருக்கு, இத வச்சு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போயி என்னத்த பேசுறது. ரொம்ப சத்தம் போட்டதும் "ஃப்ரீயா வேற தரேன், ஃபாரின் வெரைட்டி"ன்னு ஒரு கன்ன தூக்கிட்டு வந்தாரு. அத போட்டோ எடுத்து அதே ஆளுக்கு அனுப்புனா, வாங்கிடாதீங்க, அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ்ங்கறாரு! முதுமலை காட்டுக்குள்ள பரவி மத்த செடிய வளர விடாம பண்ணுதுன்னு வனத்துறை வெட்டி எடுத்து டிஎன்பிஎல் பேப்பர் மில்லுக்கு கூழாக்க அனுப்புதே, அதே மரம். இத ஃப்ரீ கிஃப்டா குடுக்குறாங்க.

ஏன் இப்படி பண்றாங்கன்னா, சரக்கொன்றை விதைக்கு தோல் ரொம்ப கெட்டி, சும்மா போட்டா லேசுல முளைக்காது, உரசியோ ஆசிட்ல நனைச்சோ போடணும், முளைச்சாலும் மொதல்ல மெதுவாத்தான் வளரும். மஞ்சக்கொன்னை சீக்கிரம் ஆளுயரம் வந்துரும், காசும் சீக்கிரம் வந்துரும்.

வாங்கும்போது இலைய பாருங்க. சரக்கொன்றைக்கு ஒரு காம்புல நாலுல இருந்து எட்டு ஜோடி சிற்றிலை, ஒவ்வொண்ணும் உள்ளங்கை நீளத்துக்கு, அகலமா முட்டை வடிவத்துல நுனி கூரா இருக்கும். மஞ்சக்கொன்னைக்கு சிற்றிலை விரல் நீளத்துக்குத்தான், நுனி மழுங்கலா, பத்து ஜோடி கூட சாதாரணமா இருக்கும். சின்னக் கன்னுல ஜோடி கம்மியா இருக்கலாம், அதனால எண்ணிக்கைய விட சைஸ நம்புங்க. பில்லுல சரக்கொன்றையோட தாவரவியல் பேரு "கேசியா ஃபிஸ்துலா"ன்னு எழுதித் தரச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அங்கேயே விட்டுட்டு வந்துருங்க.

வந்த மரத்த வெட்டலாம்னா அம்மா விட மாட்டேங்கறாங்க, நிழல் குடுக்குதுல்லங்கறாங்க, அதுவும் உண்மைதான். சிவனுக்கு இன்னும் பக்கத்து தெருவுல இருந்துதான் பூ வருது. பேரு எழுதி பில் போடுற நர்சரி திருச்சி, புதுக்கோட்டை பக்கம் எங்கயாவது இருந்தா சொல்லுங்க, பின்னாடி இன்னும் ஒரு மரத்துக்கு இடம் இருக்கு.