ஸ்டிக்கருக்குக் கீழே பழைய திகதி: மிளகாய் விதை வாங்குகிறவர்கள் கவனம்

விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் காலபோகத்துக்கு (மாரிமழைப் பயிர்ச்செய்கைக்கு) மிளகாய் நாற்றுப் போட இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நான் ஏமாந்துவிட்டேன். காசு போனதைவிட நாள் போனதுதான் எனக்குப் பெரிய நட்டம்.

ஒவ்வொரு வருடமும் ஆவணிக் கடைசியில் விறாந்தையில் நாற்றுத் தட்டு வைப்பேன். மிளகாய் நாற்று எடுத்து நட நாலைந்து கிழமை வேண்டும். ஐப்பசி மழை பிடித்த பிறகு வெளியில் பாத்தி போட்டால் பிஞ்சு நாற்று அடியழுகிச் சாய்ந்துவிடும். கூரைக்குக் கீழே என்றால் தண்ணீர் எங்கள் கைக்குள் இருக்கும், கோழியும் கிளறாது.

இந்த முறை வழமையாக வாங்கும் இடத்தில் விதை முடிந்துவிட்டது. கிளிநொச்சியில் வேறொரு கடைக்குப் போய்க் கலப்பின மிளகாய் விதை நாலு பைக்கற் வாங்கினேன். ஒன்று 650 ரூபா. “புதுச் சரக்கு அக்கா, நேற்றுத்தான் வந்தது” என்றார் கடைக்காரத் தம்பி. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, “இந்தச் சின்னச் சாமானுக்கு எதுக்கக்கா” என்றார். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

தும்புத்தூளை மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கினேன். உக்கிய சாணத்தோடு கலந்து, 98 குழித் தட்டு மூன்றில் குழிக்கு ஒரு விதை போட்டு, மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். எங்கள் வெக்கைக்கு மிளகாய் ஏழாம் எட்டாம் நாளே தலை காட்டும். பத்தாம் நாளும் அங்கொன்று இங்கொன்றுதான். பதினாலாம் நாள் இருந்து எண்ணினேன். 294 குழியில் 41. அதிலும் பாதி, விதைக்கோதைத் தலையிலிருந்து கழற்றச் சத்தில்லாமல் கூனி நின்றன.

கடைக்குப் போனேன். “தண்ணி கூட விட்டிருப்பியள்” என்றார். பிறகு “தும்புத்தூளைக் கழுவாமல் போட்டிருப்பியள்” என்றார். முப்பது வருடமாகத் தோட்டம் செய்கிற எங்கள் மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “பிள்ளை, மிச்ச விதையைச் சீலையில முடிஞ்சு பார், ஆற்றை பிழையெண்டு தெரியும்” என்றா.

சரியென்று அந்த விதையில் 20, பக்கத்து வீட்டு அக்கா வேறிடத்தில் வாங்கிய விதையில் 20, இரண்டையும் தனித்தனி ஈரச் சீலையில் சுற்றி ஒரே சட்டியில் வைத்தேன். ஒன்பதாம் நாள் பிரித்தால் என்னுடையதில் 3, அக்காவுடையதில் 17. அதே வீடு, அதே தண்ணீர்.

அப்புறம்தான் பைக்கற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திகதி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் கிளப்ப, கீழே அச்சடித்த திகதி தெரிந்தது. காலாவதியாகி இரண்டு வருடம். நாலு பைக்கற்றும் அப்படித்தான். தகரக் கூரைக் கடையின் வெக்கையில் அவ்வளவு காலம் கிடந்த விதையில் உயிர் எங்கே இருக்கும்?

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். காசு தரமாட்டார்களாம், வேறு பைக்கற் தருகிறார்களாம். அவர் எடுத்து நீட்டியதிலும் அதே வெள்ளை ஸ்டிக்கர்! பைக்கற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் காட்டினேன்.

ஏற்கெனவே விதை வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கே திகதிக்கு மேல் நகத்தை வைத்துப் பாருங்கள். தட்டில் போடுமுன் 20 விதையைச் சீலையில் முடிந்து வையுங்கள், ஒரு கிழமை பத்து நாளில் தெரிந்துவிடும். முளைத்தது 15க்குக் குறைந்தால் அந்த விதையை நம்பி இறங்க வேண்டாம். பற்றுச்சீட்டு இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள், கடைக்காரர் தெரிந்தவராக இருந்தாலும். வெறும் பைக்கற்றையும் எறியாதீர்கள். நான் எறிந்திருந்தால் முறைப்பாட்டுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருந்திராது.

பக்கத்து அக்கா மிச்ச விதையைத் தந்தா. தட்டையெல்லாம் கழுவிக் காயவைத்து மறுபடி போட்டிருக்கிறேன். எட்டாம் நாளே சாக்கை எடுத்துவிட்டேன், வரிசை பிடித்து முளைத்திருக்கிறது. ஆனால் இந்த நாற்று நடுகைக்கு வரும்போது ஐப்பசி முடிந்துவிடும், மழைக்குள்தான் நட வேண்டும்.