கல்லோயா படகுச் சவாரி: யானைக்கு முழு மதிப்பெண், சாப்பாட்டுக்குச் சுழியம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, சம்மாந்துறை, அம்பாறை வழியாக படகு ஏறும் இடமான இங்கினியாகலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே வான் வண்டியை எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நடுக்குளத்தில் ஒதுங்க நிழல் கிடையாது.

1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவை ஜீப்பில் அல்ல, படகில் பார்க்க வேண்டும். பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கம், சுற்றிலும் மலை. நாங்கள் போனது புரட்டாதியில். மாரி தொடங்காததால் நீர் வற்றி, கரையோரம் பசும்புல் முளைத்திருந்தது. யானைகள் இறங்கி வருவது அந்தப் புல்லுக்காகத்தான். ஒன்று தீவுவிட்டுத் தீவு நீந்தியது. தும்பிக்கை நுனியும் முதுகும் மட்டுமே வெளியே தெரிந்தன. அதுவரை "பிள்ளையாரே, கரை சேர்த்துவிடு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த மாமி, நேரில் வந்தவரைக் கண்டதும் வாயடைத்துப்போனார்.

படகோட்டியைப் பாராட்டியே ஆக வேண்டும். தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். "தம்பி, இன்னும் கொஞ்சம் கிட்டே விடுங்களேன்" என்று மச்சான் கெஞ்சினார். "குட்டி நிற்கிறது அண்ணே, முடியாது" என்றார். பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி அணியும்வரை படகை எடுக்கவுமில்லை.

திரும்பும் வழியில் சாப்பிட்ட கடையைப் பற்றி என்ன சொல்ல? சோறு ஆறியிருந்தது, மீன் குழம்பில் மீனைத் தேட வேண்டியிருந்தது, விலை மட்டும் சூடாக இருந்தது. வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் தாராளமாக வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணமும் படகுக் கூலியும் வெவ்வேறு. இரண்டையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.