பெரிய கோயில் விமானம்: அந்தியில் எடுப்பதா, இருட்டியபின் எடுப்பதா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை இரவு விளக்கொளியில் நேரில் பார்த்தால் பொன் உருக்கி ஊற்றியதுபோல் இருக்கும். அதையே படமாக எடுத்து வீட்டில் திறந்தால் பாதி நேரம் ஏமாற்றம்தான். விளக்குகள் கீழிருந்து மேல்நோக்கி அடிக்கின்றன, விமானமோ 216 அடி உயரம். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் அடிப்பகுதி வெளுத்துவிடும். மேலே போகப் போக மங்கும். சிற்பங்களின் நிழல் தலைகீழாக விழும். பின்னால் வானம் கன்னங்கரேல்.

பலரும் சொல்லும் முதல் மருந்து, முழு இருட்டில் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுப்பது. டிரைபாடில் (முக்காலியில்) வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) நான்கைந்து படங்கள் எடுத்து, இருண்ட இடமும் வெளிச்சமான இடமும் தெரிகிற ஒரே படமாக, எச்டிஆராகச் சேர்ப்பது. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் செய்தேன். கல்லின் விவரம் எல்லாம் கிடைக்கும், ஆனால் மென்பொருள் தானாகச் சேர்த்தால் வெளிச்சமும் நிழலும் சமமாகி, கருங்கல் களிமண் பொம்மை மாதிரி ஆகிவிடும். நடமாடும் பக்தர்கள் வேறு ஆவிபோலத் தெரிவார்கள். இரண்டே படங்களை எடுத்துக்கொண்டு, அடிப்பகுதிக்கு மட்டும் இருண்ட படத்தை மாஸ்க் போட்டு (மற்ற பகுதியை மறைத்து) கையால் சேர்ப்பது எவ்வளவோ மேல். நேரம்தான் பிடிக்கும்.

இரண்டாவது வழி அந்தி. தஞ்சாவூரில் சூரியன் மறைந்த பிறகு வானம் நீலமாக நிற்பது கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஐரோப்பாவில் கோடையில் கிடைப்பதுபோல நீண்ட அந்தி நமக்கு இல்லை. ஆனால் இந்தக் கோயில் கிழக்கு பார்த்தது. இராசராசன் திருவாசலைக் கடந்து உள்ளே நின்று மேற்கே பார்த்தால், விமானத்துக்குப் பின்னால்தான் கடைசி வெளிச்சம் இருக்கும். சிகரத்தின் விளிம்பு வானத்திலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும். இருட்டில் எந்த மென்பொருளாலும் கொடுக்க முடியாதது அது. இன்னொரு லாபமும் உண்டு. வானத்தின் வெளிச்சம் நிழலுக்குள்ளும் கொஞ்சம் புகுவதால், விளக்கின் கடுமை படம் பிடிக்கும்போதே குறைந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா படம் ஒன்றே ஒன்று போதும். குறை என்னவென்றால், வானம் கறுக்கும் முன்பே விளக்கைப் போட்டாக வேண்டும். அது நம் கையில் இல்லை.

மூன்றாவது, போனின் நைட் மோட். நினைவுக்கு ஒரு படம் என்றால் சரி. டிரைபாடுக்குத் தொல்லியல் துறை அனுமதி கேட்கிற இடத்தில் பலருக்கு இதுதான் வாய்ப்பும்கூட. வானத்தைச் சாம்பல் நிறமாக்கி, கல்லின் சொரசொரப்பைத் துடைத்துவிடுகிறது என்பதால் பெரிதாக அச்சிட நான் எடுத்துப்போக மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் நிறம் ஒரு தனித் தொல்லை. மஞ்சள் விளக்கில் படத்தின் சிவப்பு, பச்சை, நீல அடுக்குகளில் சிவப்புச் சானல்தான் முதலில் நிரம்பி வழியும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில்) மொத்த வெளிச்சம் பத்திரமாகத் தெரியும். மூன்று நிறங்களையும் தனித்தனியே பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஒருமுறை இதைக் கவனிக்காமல், விமானத்தின் கீழ்த்தளம் முழுவதும் மாம்பழச் சாறு பூசியதுபோல் வந்தது. மென்பொருளில் ஹைலைட்ஸை (மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்தே எடுக்கிறேன். இருட்டை மேலே தூக்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது.

ஒயிட் பேலன்ஸில் (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பில்) கல்லை வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள். அந்திப் படத்தில் அப்படிச் செய்தால் வானம் ஊதாவாகிவிடும். கல்லில் கொஞ்சம் மஞ்சளை விட்டுவைத்து, அடிப்பகுதிக்கு மட்டும் கீழிருந்து மேலாக ஒரு கிரேடியன்ட் (படிப்படியாக மறையும் திருத்தம்) போட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்.

என் ஓட்டு அந்திக்குத்தான். அனுமதி வாங்கி டிரைபாடும் கையில் இருந்தால், அதை நகர்த்தாமல் விளக்கு எரியும் முன் ஒன்று, எரிந்த பின் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வேன். விளக்கு தாமதமாக வந்தால், வானத்தை முதல் படத்திலிருந்தும் விமானத்தை இரண்டாவதிலிருந்தும் எடுத்துச் சேர்த்துவிடலாம். தலைகீழ் நிழலை மட்டும் இவற்றில் எதுவும் முழுசாகத் திருத்துவதில்லை. சிற்பங்கள்தான் வேண்டும் என்றால் காலை வெயிலில் போங்கள்.