மாஸ்டா 2.5 லிட்டர் பெட்ரோல்: டர்போ எடுக்கலாமா, சாதாவே போதுமா?

டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள இன்ஜினையும் அது இல்லாத இன்ஜினையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் ஒரு சின்ன டர்போவையும் அதைவிடப் பெரிய சாதா இன்ஜினையும் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் வித்தியாசம் டர்போவால் வந்ததா, சிசியால் வந்ததா என்று பிரிக்க முடிவதில்லை. மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-ஜி 2.5ல் அந்தச் சிக்கல் கிடையாது. டர்போ வைத்ததற்கும் வைக்காததற்கும் ஒரே 2,488 சிசி, ஒரே 89 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), ஒரே 100 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). மாஸ்டாவின் சிஎக்ஸ்-5 எஸ்யூவியில் இரண்டும் ஒரே பாடியில், ஒரே 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியரோடு கிடைத்தன. ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி அதிகம் இல்லை.

நேராக விஷயத்துக்கு வருவோம். இந்த டர்போ இழுவைக்காகச் செய்தது. முதலில் வந்தது 2016 மாடல் சிஎக்ஸ்-9ல்; அந்த ஏழு சீட் வண்டியில் முன்பு இருந்த 3.7 லிட்டர் வி6 இன்ஜினுக்குப் பதிலாக. அதாவது கனமான வண்டியைத் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே (நிமிடச் சுற்றிலேயே) நகர்த்த வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தால் எல்லாம் புரியும்.

அமெரிக்காவில் விற்ற 2019 முதல் 2021 வரையிலான சிஎக்ஸ்-5 கணக்கு இது. சாதா இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் 187 குதிரைத்திறன், 4,000ல் 252 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). டர்போ, சாதாரண பெட்ரோலில், 5,000ல் 227 குதிரைத்திறன், 2,000லேயே 420 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் 40தான் கூடுதல். "இதற்கா இவ்வளவு விலை வித்தியாசம்" என்று தோன்றும். ஆனால் 2,000 ஆர்பிஎம்மில் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்போ அங்கே சுமார் 118 குதிரைத்திறன் தருகிறது. சாதா இன்ஜின் தன் உச்ச டார்க்கையே அந்த இடத்தில் கொடுத்தாலும் 71ஐத் தாண்ட முடியாது. அதன் உச்சமோ 4,000ல்தான் வருகிறது. தினசரி ஓட்டத்தில் இன்ஜின் பெரும்பாலும் இருப்பது 1,500க்கும் 2,500க்கும் நடுவில். வித்தியாசம் தெரியும் இடம் அதுதான்.

மேல் பக்கம் கதை தலைகீழ். 5,000 ஆர்பிஎம்மில் 227 குதிரைத்திறன் என்றால் அங்கே டார்க் 323 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். உச்சத்திலிருந்து கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. சாதா இன்ஜினோ 6,000ல்கூட 222ஐப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் டர்போவை மேலே மேலே மிதித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் சலிப்புத் தட்டுகிறது. சாதா இன்ஜின் அந்த இடத்தில்தான் உற்சாகமாக இருக்கிறது. சிவப்புக் கோடு வரை இழுத்து ஓட்டுவதில் சந்தோஷம் காண்பவர் டர்போவை வாங்கிவிட்டு ஏமாறுவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

2,000லேயே அவ்வளவு டார்க் எப்படி வருகிறது? புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குள் அந்தப் புகை நுழையும் வழியில் ஒரு வால்வு இருக்கிறது. சுமார் 1,620 ஆர்பிஎம் வரை அது மூடியிருக்கும். எக்ஸாஸ்ட் முழுவதும் சின்ன வழியாகத்தான் போயாக வேண்டும். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதேதான். வாயு குறைவாக இருந்தாலும் வேகம் கூடி டர்பைனைச் சுழற்றிவிடுகிறது. ஆர்பிஎம் ஏறியதும் வால்வு திறந்து பெரிய வழியும் சேர்ந்துகொள்ளும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுபோகும் குழாய்களிலும்) ஒரு சாமர்த்தியம் உண்டு. ஃபயரிங் வரிசை 1-3-4-2. 2ஆம், 3ஆம் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிப்பதில்லை, நடுவில் 360 டிகிரி இடைவெளி. அதனால் அந்த இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து, 1ஐயும் 4ஐயும் தனித்தனியாக விட்டிருக்கிறார்கள். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றுக்குள் திரும்பிப் போகாது. சிலிண்டருக்குள் சூடான மிச்சப் புகை குறைந்தால் நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) குறையும். டர்போ வைத்தும் கம்ப்ரஷனை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதை) 10.5க்கு வைக்க முடிந்ததில் இதற்கும் பங்கு உண்டு. சாதா இன்ஜினில் கம்ப்ரஷன் 13. பெட்ரோல் காருக்கு இது ரொம்பவே அதிகம்.

கம்ப்ரஷன் கூடினால் பெட்ரோல் மிச்சமாகும்; அந்த 13ம் 10.5ம் மைலேஜில் தெரிகிறது. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் ஆல்வீல் டிரைவ் சிஎக்ஸ்-5 சாதா காலனுக்கு 26 மைல், டர்போ 24. நம் வழக்கத்தில் லிட்டருக்கு சுமார் 11ம் 10.2ம். பெரிய வித்தியாசம் இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் சோதனையில் யாரும் டர்போவை அழுத்தி மிதிப்பதில்லை. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற அதிகக் காற்று உள்ளே போகிறது, அதற்கு ஏற்ற பெட்ரோலும் போகத்தான் செய்யும். பல டர்போ இன்ஜின்களில் முழு லோடில் சூட்டைக் குறைப்பதற்காகவே கூடுதல் பெட்ரோலும் விடுவார்கள். இதில் குளிரவைத்த இஜிஆர் வாயுவை (இன்ஜினுக்குள்ளேயே திருப்பிவிடும் எக்ஸாஸ்ட் புகையை) கலந்து அந்தச் செலவைக் குறைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் கனத்த காலுக்கு மருந்து எந்த டர்போவிலும் இல்லை.

பிரீமியம் பெட்ரோல் போட வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்க அளவையில் 93 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோல் போட்டால் 227 குதிரைத்திறன் 250 ஆகிறது. 87 போட்டால் (ஆர்ஓஎன் என்ற மற்றோர் ஆக்டேன் அளவில் ஏறத்தாழ 91) நாக் சென்சார் பார்த்து இக்னிஷனைப் பின்தள்ளிக்கொள்ளும், அவ்வளவுதான். இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. டார்க்கில் கிடைப்பதோ வெறும் 14 நியூட்டன் மீட்டர், 420 போய் 434. கூடுதல் சக்தி வருவதெல்லாம் மேல் ஆர்பிஎம்மில். 4,000க்கு மேல் போகாதவர் பிரீமியம் போடுவது வீண் செலவு. விதிவிலக்கு, கடும் வெயிலில் முழு லோடோடு நீண்ட ஏற்றம். அப்போது போட்டால் பலன் இருக்கும்.

ஏற்றம் என்றதும், டர்போவின் உண்மையான பலம் அங்கேதான். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். 2,000 மீட்டர் ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். 187 என்பது 150 பக்கம் வந்து நிற்கும். ஐந்து பேர், லக்கேஜ், ஏசி என்று ஏறும்போது கியர் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறி அலையும், இன்ஜின் கத்தும். டர்போ காற்றின் அடர்த்திக் குறைவை டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றி ஈடுகட்டிவிடும். மலைப்பகுதியிலேயே குடியிருப்பவர் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு டர்போவை வாங்கலாம்.

டிரெய்லர் இழுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். டர்போ என்பதால் எல்லா மாடலிலும் இழுவை வரம்பு கூடிவிடாது. அமெரிக்காவில் சிஎக்ஸ்-50 சாதாவுக்கு 2,000 பவுண்டு (907 கிலோ), டர்போவுக்கு 3,500 பவுண்டு (1,588 கிலோ). சிஎக்ஸ்-5லோ டர்போவுக்கும் அதே 2,000தான். இன்ஜின் இழுக்கும் என்பதற்காக வரம்பை மீறினால் கூலிங்கும் பிரேக்கும் கணக்குக் கேட்கும்.

ஓட்டிப் பார்க்கப் போனால் ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். மேனுவல் மோடில் நான்காம் கியரில் 1,800 ஆர்பிஎம் வரும்படி வைத்து, பெடலைப் பாதி மட்டும் மிதியுங்கள். டர்போ கியர் மாற்றாமலே ஏறும். சாதா இன்ஜின் நிதானமாக யோசிக்கும். அடுத்து, நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பிப் பாருங்கள். இதில் சாதாவுக்குத்தான் மார்க். கால் அசைந்த அளவுக்கு வண்டி அசையும். டர்போவில் ஒரு கணம் தயக்கம், பிறகு மொத்தமாக ஒரு தள்ளல். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது இந்தத் தள்ளல் எரிச்சலாகவும் இருக்கலாம்.

இனி பராமரிப்பு. சாதா இன்ஜினுக்கு 0W-20 ஆயில், ஃபில்டரோடு 4.5 லிட்டர். டர்போவுக்கு 5W-30, 4.8 லிட்டர். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு, "2.5 தானே" என்று. பக்கத்தில் நின்று கேனைப் பார்த்துக்கொள்வது நல்லது. டர்போவின் ஷாஃப்ட் ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஆயில் கருகினால் முதலில் அடிபடுவது அந்த பேரிங். அதனால் கையேட்டில் எவ்வளவு சொல்லியிருந்தாலும் டர்போவுக்கு 8,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆயில் ஏபிஐ எஸ்பி தரமாக (கேனில் போட்டிருக்கும் ஆயில் தரக் குறியீடு) இருக்கட்டும். தாழ்ந்த ஆர்பிஎம்மில் கனத்த லோடில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாக வெடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுக்கும் சோதனை அந்தத் தரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மேனுவல் மோடில் ஆறாம் கியரை விடாமல் பிடித்துக்கொண்டு 1,300ல் முழுசாக மிதிப்பது இந்தக் கோளாறை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். ஆட்டோமேட்டிக்கைத் தன் போக்கில் விட்டால் அதுவே கீழ்க் கியருக்குப் போய்விடும்.

ஸ்பார்க் பிளக்: அமெரிக்க அட்டவணைப்படி சாதாவுக்கு 75,000 மைல் (1.2 லட்சம் கி.மீ.), டர்போவுக்கு 40,000 மைல் (64,000 கி.மீ.). ஏற்றம் ஏறி வந்து உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டிவந்து நிறுத்தினால் அது தேவையில்லை.

இரண்டிலுமே பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. நாளடைவில் கார்பன் படியும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் இன்ஜெக்டரைத்தான் சுத்தம் செய்யும், வால்வைத் தொடவே தொடாது. படிவு முற்றிவிட்டால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டைக் காற்றோடு அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

குறைகள் இரண்டு பக்கமும் உண்டு. சாதா இன்ஜினில் 2018 முதல் லேசான லோடில் 1ஆம், 4ஆம் சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் வசதி சேர்ந்தது. அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் பிழையால் ராக்கர் ஆர்ம் (வால்வைத் திறக்கும் நெம்புகோல்) இடம் விட்டுக் கழன்று, வண்டி ஓடும்போதே சக்தி போகலாம் என்று 2019ல் அமெரிக்காவில் சுமார் 2,62,000 வண்டிகள் ரீகால் ஆயின. பழைய வண்டி வாங்கினால் சேசி நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். முடிந்திருந்தால் கவலை இல்லை.

டர்போவின் குறைகள் இதைவிடச் செலவு வைப்பவை. 2021 மாடல்கள் சிலவற்றில் வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) வழியாக ஆயில் உள்ளே இறங்கி, கசிவே இல்லாமல் அளவு குறைந்தது. முந்தைய ஆண்டு டர்போக்கள் சிலவற்றில் சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் விரிசல் விட்டு கூலன்ட் கசிந்தது. இரண்டுக்கும் நிறுவனமே சர்வீஸ் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. வாரன்டி முடிந்த வண்டியில் ஹெட் மாற்றுவது என்றால் பர்ஸ் தாங்காது.

எனவே பழைய டர்போவைப் பார்க்கும்போது இன்ஜின் ஆறிய நிலையில் கூலன்ட் டேங்கின் அளவைப் பாருங்கள். பிறகு டார்ச்சும் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, கேபின் சுவரை ஒட்டிய பக்கம் இன்ஜினுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் ஓரத்தில் காய்ந்துபோன வெள்ளையோ பச்சையோ படிந்த தடம் தெரிந்தாலும், ஓடி நின்றதும் இனிப்பான வாடை வந்தாலும் பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க் கோட்டில் இருந்தால், கடைசியாக ஆயில் மாற்றிய பில்லைக் கேட்டு எத்தனை கிலோமீட்டரில் அவ்வளவு இறங்கியது என்று கணக்குப் பாருங்கள். இன்டர்கூலர் (டர்போ அழுத்தித் தரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாயில் லேசான ஆயில் ஈரம் இருப்பது சகஜம். கழற்றினால் சொட்டும் அளவுக்குத் தேங்கியிருந்தால் டர்போ சீலைச் சந்தேகிக்க வேண்டும்.

சமவெளியில் இருவரோ மூவரோ போய்வர, பத்து வருடம் வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் சாதா 2.5ஐ எடுங்கள். மலையும் முழு லோடும் வாடிக்கை என்றால் டர்போ. முடிந்தால் புதிதாக, வாரன்டியோடு.