எட்டு ஆண்டுகளாக டர்பனிலிருந்து விண்மீன் ஒளியை அளக்கிறேன்: கருவிகளும் கற்றதும்

விண்மீன்களைப் படம் எடுப்பவர்கள் கேமராவிடம் அழகைக் கேட்பார்கள். நான் கேட்டது ஓர் எண். அந்த எண்ணை நம்பத்தக்கதாக ஆக்க எனக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. எந்தக் கருவி நின்றது, எது காலை வாரியது என்று டர்பனிலும் பிற ஊர்களிலும் உள்ள சில தமிழ் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2017 மார்ச்சில், வேறொருவர் பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் கேமராவையும் 135 மி.மீ. லென்ஸையும் சேர்த்து 4,500 ராண்டுக்கு வாங்கினேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் கேமரா; அவ்வளவுதான். முதலில் குறிவைத்தது கரைனா மண்டலத்தின் எல் கரைனே. அகத்தியர் விண்மீன் என்று நம்மவர்கள் சொல்லும் கனோபஸ் இருக்கும் அதே மண்டலம். எல் கரைனே ஒரு செபீட் வகை மாறுவிண்மீன், அதாவது ஒளி சீராகக் கூடிக் குறையும் விண்மீன். 35.5 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. அதன் பொலிவெண், அதாவது ஒளியின் அளவைக் குறிக்கும் எண், 3.3க்கும் 4.2க்கும் இடையே ஏறி இறங்குகிறது. பொலிவெண் கூடினால் ஒளி குறைவு; ஐந்து பொலிவெண் வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு வேறுபாடு. இந்தக் கணக்கை 1856இல் ஆங்கில வானியலாளர் போக்சன் வரையறுத்தார்.

முதல் மூன்று மாதம் எனக்குக் கிடைத்தவை வெறும் சிதறிய புள்ளிகள். ஒரே இரவில் எடுத்த இரண்டு படங்களுக்கிடையே 0.2 வேறுபாடு வந்தது. கேமரா பழையது என்பதால்தான் இப்படி என்று நினைத்துப் புதியது வாங்கும் எண்ணத்தில் இருந்தேன். நல்லவேளை, கையில் பணம் இல்லை. குற்றம் என் முறையில் இருந்தது. விண்மீனைக் கூர்மையாகக் குவித்திருந்தேன். அதன் ஒளி முழுதும் கேமரா உணரியின் நாலைந்து புள்ளிகளில் (பிக்சல்களில்) விழுந்து அவை நிரம்பி வழிந்தன. குவியத்தைச் சற்றே குலைத்து, விண்மீனைச் சிறு வட்டமாகப் பரவவிட்டதும் சிதறல் பாதியாகக் குறைந்தது. ஐந்து விநாடிப் படங்களாக இருபது எடுத்துச் சராசரி கண்டபோது காற்றின் மினுமினுப்பும் அடங்கியது. ஜேபெக் படங்களைக் கைவிட்டு, கேமரா திருத்தாத மூலக்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் பச்சைப் புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்தால், வானியலாளர்கள் வி என்று சொல்லும் நிறப்பட்டைக்கு மிக அருகில் வந்துவிடலாம். அந்த ஆண்டு இறுதிக்குள் என் பிழை 0.02க்கு இறங்கியது. நாலாயிரத்து ஐந்நூறு ராண்டு கருவிக்கு இது பெரிய காரியம் என்று இன்றும் சொல்வேன்.

ஃபிளாட் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லென்ஸின் ஓரத்தில் விழும் ஒளி நடுவில் விழுவதைவிடக் குறைவு. தூசி ஒரு துளி இருந்தாலும் அங்கே நிழல் விழும். இதைச் சரிசெய்ய ஒரே சீரான வெளிச்சத்தைப் படம் எடுத்து, அதனால் விண்மீன் படத்தை வகுக்க வேண்டும். கடைகளில் இதற்கென ஒளிப்பலகை விற்கிறார்கள். நான் தாத்தாவின் வெள்ளை வேட்டியை நான்காக மடித்து லென்ஸின் வாயில் கட்டி, அந்தி வானத்தை நோக்கி எடுக்கிறேன். எட்டு ஆண்டுகளில் இதைவிட நல்ல ஃபிளாட் எனக்குக் கிடைத்ததில்லை.

டர்பனில் கருவியின் முதல் எதிரி ஈரம். கோடையில் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் லென்ஸில் பனி கோத்துவிடும். 2019இல் லென்ஸின் உள்ளே பூஞ்சை பிடித்து, சிலந்தி வலை போலப் படர்ந்தது. அதன்பின் லென்ஸைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை ஒன்றைக் கட்டினேன். உள்ளே சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் கேமராவை வைக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் கேமரா வாங்கும் அன்றே இவற்றையும் வாங்கிவிடுங்கள்.

2020 ஜனவரி, ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய ஓர் இரவு. மழை சற்று விட்டிருந்தது. முற்றத்தில் நின்ற ஆயா வானத்தைப் பார்த்துவிட்டு, "திருவாதிரை மங்கித் தெரிகிறதே ராசா, என் கண்தான் போய்விட்டதா?" என்று கேட்டார். "உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது ஆயா. விண்மீன்தான் மங்கியிருக்கிறது" என்றேன். வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் திருவாதிரை அந்தப் பருவத்தில் 1.6 வரை இறங்கியது. ரோகிணியைவிட மங்கலாக அதை ஆயா வெறுங்கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார். அந்த விண்மீன் தானே உமிழ்ந்த தூசி அதன் ஒரு பக்கத்தை மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆயா செய்தது ஒப்பீடு. நானும் அதையே செய்கிறேன், கூடுதலாக இரண்டு தசம இடங்களோடு. ஆனால் ரோகிணிக்கும் திருவாதிரைக்கும் இடையே இருபது பாகைக்கு மேல் தூரம். தாழ இருப்பதன் ஒளியைக் காற்று அதிகம் விழுங்கும். கடல்மட்டத்தில் உச்சியில் இருக்கும் விண்மீனே ஏறத்தாழ கால் பொலிவெண் இழக்கிறது. அந்த இழப்பைக் கணக்கிட்டுச் சேர்த்த பிறகே என் எண் ஆயாவின் கண்ணோடு ஒத்துப்போனது.

அதே ஆண்டு சேமிப்பைத் திரட்டி 20 செ.மீ. தொலைநோக்கியும், குளிரூட்டப்பட்ட கறுப்பு வெள்ளை கேமராவும், வி ஃபில்டரும் வாங்கினேன். என் மிகப் பெரிய இழப்பு இங்கேதான் நேர்ந்தது. ஃபில்டர் விற்ற கடை, ஒளியளவைக்கான வி என்று சொல்லி அனுப்பியது வண்ணப் படம் எடுக்கும் பச்சைக் கண்ணாடியை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உண்மையான வி ஃபில்டர் சிவப்புப் பக்கமாக மெல்ல இறங்கும். இது வெட்டினாற்போல் நின்றுவிடும். அதனால் சிவந்த விண்மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாக விலகின. ஐந்து மாத அளவீடுகளைத் தவறென்று விலக்கிக்கொண்டேன். கடை கடைசிவரை பதில் சொல்லவில்லை.

பிழையைக் காட்டிக்கொடுத்தவை ஆங்கில எழுத்து ஈ (E) பெயரில் உள்ள வான்பகுதிகள். வான நடுக்கோட்டுக்கு 45 பாகை தெற்கே, ஈ1 முதல் ஈ9 வரை ஒன்பது சிறு பகுதிகள் உண்டு. அவற்றிலுள்ள விண்மீன்களின் பொலிவெண்களை ஆயிரத்தில் சில பங்கு நுட்பத்தோடு வரையறுத்தவர் ஆலன் கசின்ஸ். இன்று உலகெங்கும் ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஆர் (சிவப்பு), ஐ (அகச்சிவப்பை ஒட்டியது) நிறப்பட்டைகளோடு அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. அவர் நம் ஊரில், டர்பனில், மின்துறைப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே விண்மீன்களை அளந்தவர். 1947இல்தான் கேப் டவுன் ஆய்வகத்தில் முழுநேரப் பணிக்குச் சேர்ந்தார். 1903இல் பிறந்து 2001இல் மறையும்வரை அளப்பதை விடவே இல்லை. அந்தப் பகுதிகள் டர்பனில் உச்சிக்கு வெறும் 15 பாகை தெற்கே கடக்கின்றன. புதுக் கருவி எது வாங்கினாலும் முதல் இரவை அங்கே செலவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் அப்படிச் செய்திருந்தால் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

2022 செப்டம்பரில் மின்வெட்டு ஓயாமல் இருந்த நாள்களில் தெருவிளக்கு அணைந்து, சாட்ஸ்வொர்த்தின் மேலேயும் பால்வீதி தெரிந்தது. வாஸ்ப்-18 என்ற விண்மீனின் முன்னே அதன் கோள் கடக்கும்போது ஒளி சுமார் ஒரு விழுக்காடு குறைகிறது. அதை பேட்டரியில் ஓட்டி அளந்தேன். ஒளி வரைகோட்டில் பள்ளம் தெளிவாக விழுந்தது. நேரம்தான் தவறு. இணையம் இல்லாததால் மடிக்கணினியின் கடிகாரம் ஒன்றரை நிமிடம் பின்தங்கியிருந்தது. கோளின் ஓர் ஆண்டே ஒரு நாளுக்கும் குறைவு. அங்கே நிமிடம் பெரிய காலம். இப்போது ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? 2021 டிசம்பர் அமாவாசையை ஒட்டி, தொலைநோக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டு டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் அண்டர்பெர்க் சென்றேன். டொராடோ மண்டலத்தின் என்ஜிசி 1566 என்ற சுருள் விண்மீன்திரளில் முந்தைய மாதம்தான் வகை-1ஏ சூப்பர்நோவா என்ற விண்மீன் வெடிப்பு ஒன்று நிகழ்ந்திருந்தது. திரளின் மங்கலான ஒளிமேல் அது குந்தியிருந்ததால் அளப்பது கடினம். சுற்றியுள்ள ஒளியைக் கழிக்க வளையம் வைத்தால், வளையத்திலேயே சுருள்கரம் வந்து விழுகிறது. மூன்று இரவு போராடி 12ஐ ஒட்டிய எண் ஒன்றைப் பெற்றேன். இவ்வகை வெடிப்பின் உச்ச ஒளி, 10 பார்செக் (சுமார் 33 ஒளியாண்டு) தொலைவில் வைத்துப் பார்த்தால், சுமார் -19.3. வேறுபாடு 31.3; தொலைவைச் சொல்வது இந்த வேறுபாடுதான். தூசியைக் கணக்கில் எடுக்காத தோராயத்தில், அந்தத் திரள் ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் எண்ணும் அதை ஒட்டியதுதான். ஆனால் இதை நான் என் கையால் அளந்தேன். குளிரில் தாளில் கணக்கைப் போட்டுவிட்டு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

தொலைவை அளக்கும் இந்த ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவை செபீட்கள். சிறிய மெகலனிய மேகம் என்ற அண்டை விண்மீன்திரளின் 25 செபீட்களை வைத்து, துடிப்புக் காலம் நீளமானால் ஒளி மிகும் என்று ஹென்ரியட்டா லெவிட் 1912இல் காட்டினார். அந்த மேகம் அண்டர்பெர்க்கில் வெறுங்கண்ணுக்குத் தெரியும். என் எல் கரைனேயும் அதே இனம்; 35.5 நாள் காலம் உள்ளதால் பத்தாயிரம் சூரியன்களுக்கு மேல் ஒளிர்கிறது.

இன்று வாங்குவதானால் குளிரூட்டிய கேமராவை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மங்கலான இலக்குக்கும் கோள் கடப்புக்கும் அது தேவை. பொலிவான மாறுவிண்மீன்களுக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் போதும். வெறுங்கண் விண்மீன்களைத் தொலைநோக்கியில் அளக்க முயன்றால் எல்லாம் நிரம்பி வழியும். பெரிய ஆய்வகக் கருவிகளுக்கும் அதே சிக்கல் உண்டு. அதனால்தான் 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கம் இன்றும் நம் போன்றோரின் அளவீடுகளைப் பெற்றுச் சேர்க்கிறது. பொலிவெண் தெரிந்த ஒப்பீட்டு விண்மீன்களின் வரைபடத்தையும் அவர்களிடமே இலவசமாகப் பெறலாம்.

பழைய கேமராவின் ஷட்டர் ஒருமுறை உடைந்தது, மாற்றினேன். பூஞ்சை பிடித்த லென்ஸ் சுத்தம் செய்த பிறகு இன்றும் ஓடுகிறது. நேற்று இரவு முற்றத்தில் அதை வைத்தே எல் கரைனேயை அளந்தேன்: 3.71. ஒளி ஏறுமுகத்தில் இருக்கிறது.